பாம்பு வளர்ப்பிடம் (சென்னை)

பாம்புகளை வைத்துப் பேணுவதற்கும் இனம் பெருக்குவதற்கும் அமைக்கப்படும் குழி, கண்ணாடிக் கூண்டு, பெட்டி, பானை ஆகியவற்றைப் பாம்பு வளர்ப்பிடம் என்கிறோம். தமிழ்நாட்டில் இதன் முறையான வரலாறு சென்னையில் தொடங்கியது. கோட்டூர்புரத்திலிருந்து காந்தி மண்டபம் சாலை வழியே தெற்கே வந்து சர்தார் படேல் சாலையைத் தொட்டால், சிறுவர் பூங்காவை ஒட்டிச் சென்னைப் பாம்புப் பண்ணை இருக்கிறது. இந்தியாவின் முதல் ஊர்வனப் பூங்கா இதுவே. நகரத்துக்குள் பாம்பை எங்கே, எப்படி, யார் வைத்திருக்கலாம் என்னும் கேள்விகளுக்கு இப்பண்ணையும், வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் நடைமுறையில் விடை தந்துள்ளன.

வரலாறு

பாம்பாட்டிகளின் மூங்கில் கூடை பாம்பைச் சுமந்து செல்வதற்கான கலம்தான்; அதில் பாம்பு வாழ முடியாது. உடலை நீட்ட இடமில்லாமலும் தண்ணீர் இல்லாமலும், பெரும்பாலும் பல் பிடுங்கப்பட்ட நிலையில் கிடந்த பாம்புகள் சில மாதங்களுக்குள் இறந்துபோயின. பாம்பின் உயிரைக் கருதி இடம் அமைக்கும் முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர். சேலையூரில் சிறிய அளவில் நடத்திவந்த பண்ணையை அவர் கிண்டிக்கு மாற்றினார்; 1972-இல் அதற்காக அறக்கட்டளை நிறுவப்பட்டது. 1995-இல் மத்திய விலங்குக்காட்சியக ஆணையம் அதை நடுத்தர விலங்குக்காட்சியகமாக அங்கீகரித்தது.

விட்டேக்கருக்குத் துணை நின்றவர்கள் இருளர் பழங்குடியினர். தடம் பார்த்து வளையைக் கண்டுபிடித்துப் பாம்பை நோகாமல் எடுக்கும் அறிவு அவர்களுடையது. பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டு அவர்கள் பிழைப்பை இழந்தபோது, 1978-இல் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிப்போருக்கு விற்பது இச்சங்கத்தின் தொழில். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இருப்பிட வகைகள்

திறந்த குழி: சுற்றுச்சுவர் எழுப்பி, நடுவில் மரம், கற்குவியல், தண்ணீர்த் தொட்டி அமைத்த பள்ளம். சாரை, தண்ணீர்ப்பாம்பு, மலைப்பாம்பு போன்றவற்றுக்கு ஏற்றது. சுவரின் உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும்; மரக்கிளை சுவரைத் தாண்டக் கூடாது. வெயில், நிழல் இரண்டும் இயற்கையாகவே கிடைப்பது இதன் சிறப்பு. மழைநீர் வடியாவிட்டால் இதுவே பெருங்குறை ஆகிவிடும்.

கண்ணாடி முகப்புக் கூண்டு: நச்சுப்பாம்புகளுக்கும் சிறிய இனங்களுக்கும் உரியது. கதவு பணியாளர் நிற்கும் பின்பக்கம் இருக்கும்; அதற்குப் பூட்டு கட்டாயம். பாம்பு ஒளிந்துகொள்ளும் பெட்டியை வெளியிலிருந்தே மூடும்படி அமைத்தால், பாம்பை உள்ளே அடைத்துவிட்டுக் கூண்டைக் கழுவலாம். கையால் தொடும் தேவை குறைந்தால் கடியும் குறையும்.

மண்பானை: இருளர் சங்கத்தின் முறை. பானைக்குள் மணல் பரப்பி, பாம்பை விட்டு, வாயைப் பருத்தித் துணியால் கட்டிவிடுவார்கள். மண்பானையின் நுண்துளைகள் வழியே காற்றும் ஈரமும் ஊடாடுவதால் உள்ளே குளிர்ச்சி நிலைக்கும். வளையில் கிடைக்கும் அதே இருட்டும் ஒடுக்கமும் கிடைப்பதால் பாம்பு பதற்றமின்றி இருக்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் இப்படி வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 3 வாரம் பானையில் இருக்கும். வாரம் ஒரு முறை வீதம் நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விடப்படும். அடையாளமுள்ள பாம்பை மறுபடி பிடிப்பதில்லை. பானை குறுகிய காலத்துக்கே பொருந்தும். ஆயுள் முழுதும் வைக்கும் பாம்புக்கு அது போதாது.

அடுக்குப் பெட்டி: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்பு வகையை வளர்ப்போர் பயன்படுத்துவது. பிளாஸ்டிக் தட்டுகளை அலமாரிபோல் அடுக்கி, பின்புறம் வெப்பப்பட்டை ஒட்டி, தெர்மோஸ்டாட்டால் சூட்டைக் கட்டுப்படுத்துவார்கள். குறைந்த இடத்தில் நூற்றுக்கணக்கான பாம்புகளை வைக்கலாம் என்பதே இதன் கவர்ச்சி. ஆனால் பல பெட்டிகளில் பாம்பு உடலை முழுதாக நீட்ட முடியாது, ஏற முடியாது, பகல் வெளிச்சமும் தெரியாது. பாம்பின் முழு நீளத்துக்காவது இடம் இருக்க வேண்டும் என்று விலங்கு நல அறிஞர்கள் வலியுறுத்துகிறார்கள். வளர்ப்பவரின் வசதிக்காகப் பிறந்த இந்தப் பெட்டியைச் சென்னை முன்மாதிரியாகக் கொள்ளத் தேவையில்லை.

வெப்பமும் ஈரமும்

பாம்பு பொதுவாகத் தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. இடம் மாறியே சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. எனவே ஒரே இருப்பிடத்துக்குள் சூடான மூலை ஒன்றும் குளிர்ந்த மூலை ஒன்றும் வேண்டும். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31–32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25–26 டிகிரி என்பது பொதுவான அளவு. குளிர்நாட்டு நூல்கள் சூடேற்றும் விளக்குகளைப் பற்றியே பேசுகின்றன. சென்னையின் சிக்கல் நேர்மாறானது. 2003 மே இறுதியில் இந்நகரில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. உடற்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான பாம்புகள் பிழைப்பது அரிது. மூடிய கண்ணாடிப் பெட்டியை மேற்கு வெயில் படும் பால்கனியில் வைப்பது பாம்பைக் கொல்வதற்குச் சமம். தடித்த சுவர், ஓட்டுக் கூரை, மரநிழல், நனைந்த சாக்கு, எதிரெதிர்க் காற்றுத்துளை ஆகியவையே இங்கு உதவுபவை.

ஈரம் குறைந்தால் சட்டை ஒரே உறையாகக் கழலாமல் துண்டு துண்டாக உரியும். கண்மேல் உள்ள செதில் கழலாமல் ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிகுந்து காற்று தேங்கினால் தோலில் கொப்புளமும் நுரையீரல் நோயும் வரும். பாம்பு படுத்து ஊறும் அளவுள்ள தண்ணீர்த் தொட்டியும், தரையில் எப்போதும் உலர்ந்த ஒரு பகுதியும் இருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

இனப்பெருக்கத்துக்கான இடம்

நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு முட்டையிடுபவை. கண்ணாடிவிரியன், மண்ணுளிப் பாம்பு, பச்சைப்பாம்பு குட்டி போடுபவை. முட்டையிடும் பாம்புக்கு ஈரமான மணலோ இலைச்சருகோ நிரப்பிய இருண்ட பெட்டி தேவை. பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை அதிரவிட்டுச் சூடு தருகிறது. அப்போது அதைக் கலைக்காதிருப்பதே வளர்ப்பவரின் கடமை. ராஜநாகம் இலைகளைக் கூட்டிக் கூடு கட்டும் ஒரே பாம்பு என்பதால் அதன் இடத்தில் சருகு தாராளமாக இருக்க வேண்டும். குஞ்சுகளைத் தனித்தனியே வைக்க வேண்டும். ஒன்று மற்றொன்றின் இரையைப் பறிப்பதும், சில இனங்களில் ஒன்றையொன்று விழுங்குவதும் உண்டு.

நிறத்துக்காகவே இனம் பெருக்குவதில் கேடும் உண்டு. ஸ்பைடர் என்னும் நிறவகைப் பால் பைத்தானுக்குப் பிறவியிலேயே தலை நடுக்கமும் நிலைதடுமாற்றமும் இருக்கின்றன. ஒரு கண்ணாடிவிரியன் ஒரே ஈற்றில் 40 குட்டிகளுக்கு மேலும் ஈனக்கூடும். அத்தனைக்கும் இடமும் இரையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதவர் இணை சேர்க்கவே கூடாது.

நோய்த்தடுப்பும் காவலும்

புதிதாக வரும் பாம்பைக் குறைந்தது ஒரு மாதம் தனி அறையில், தனிக் கொக்கியும் தனித் தண்ணீர்க் கலமும் வைத்துப் பேண வேண்டும். செதிலடியில் ஒளியும் பூச்சி, வாய்ப்புண், குடல் ஒட்டுண்ணி ஆகியவை கருவிகள் வழியே பரவும். பாம்பின் கழிவில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், தொட்டபின் சோப்பால் கை கழுவுவது கட்டாயம். சிறு குழந்தைகள் தொடக் கூடாது. இரைக்கான எலி, சுண்டெலி அறை பாம்பு அறையிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

தப்பிக்கவிடாத பூட்டு ஊரையே காக்கும். 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி அமெரிக்காவின் புளோரிடாவில் ஓர் இனப்பெருக்கக் கூடத்தை உடைத்தது. அதிலிருந்து தப்பியவையும், வளர்த்தவர்கள் கைவிட்டவையும் பெருகியதாகக் கருதப்படும் பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் பாலூட்டிகளைப் பெருமளவு அழித்துவிட்டன. சென்னைக்கும் இது பொருந்தும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்துத் தெருக்களை மூழ்கடித்தது. அடுத்த ஆண்டு வர்தா புயல் கிண்டிக் காட்டின் மரங்களைச் சாய்த்தது. வெள்ள மட்டத்துக்கு மேல் கூண்டு, மின்சாரம் போனாலும் காற்றோட்டம், மரம் விழுந்தாலும் உடையாத கூரை ஆகிய மூன்றும் இங்கு அடிப்படைத் தேவைகள்.

சட்டநிலை

இந்தியாவின் காட்டுப்பாம்புகளை 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அவற்றைப் பிடிப்பதும், வீட்டில் வைப்பதும், விற்பதும் குற்றம். மலைப்பாம்பு முதல் அட்டவணையில் உள்ளது. அந்த அட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுவரை சிறை உண்டு. சென்னைப் பாம்புப் பண்ணை, மத்திய விலங்குக்காட்சியக ஆணையத்தின் அங்கீகாரத்திலும், இருளர் சங்கம் அரசின் அனுமதியிலும் இயங்குகின்றன.

அயல்நாட்டுப் பாம்புகளுக்கு நெடுங்காலம் தெளிவான விதி இல்லை. 2020-இல் மத்திய அரசு, அவற்றை வைத்திருப்போர் தாமாக முன்வந்து பதிவு செய்ய வாய்ப்பளித்தது. 2022-இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவற்றையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, பால் பைத்தான் போன்றவற்றை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கடத்தல் ஓயவில்லை. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் சிக்கின. துணிப்பையிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் அடைபட்டு, தண்ணீரின்றி வந்து சேரும் இத்தகைய பாம்புகளில் ஒன்றை விலைகொடுத்து வாங்குபவரும் அந்தக் கொடுமைக்குப் பங்காளியே.

கோட்டூர்புரமும் பாம்புகளும்

சுமார் 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்கா, ஐ.ஐ.டி. வளாகம், அடையாற்றங்கரை, 2006 முதல் ‘நிழல்’ என்னும் அமைப்பு வளர்த்துவரும் கோட்டூர்புரம் மரப்பூங்கா ஆகியவை சூழ்ந்திருப்பதால் இங்கே பாம்பு வருவது இயல்பு. மழைக்காலத்தில் வளைக்குள் நீர் புகுந்தால் பாம்பு மேட்டைத் தேடி வீட்டுக்குள் நுழையும். அதை அடிக்கவோ, டப்பாவில் அடைத்து வைக்கவோ வேண்டாம். விலகி நின்று அது இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே, வனத்துறைக்கோ 101 எண்ணில் தீயணைப்புத் துறைக்கோ சொல்ல வேண்டும்.

பாம்பின் மேல் அன்புள்ளவர்களுக்குக் கிண்டிப் பண்ணை நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. கூண்டின் பூட்டையும், தண்ணீர்த் தொட்டியையும், ஒளியும் பெட்டியையும் அங்கே நின்று பாருங்கள். உங்கள் வீட்டில் அத்தனையையும் பாம்பின் ஆயுள் முழுதும் தர முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். முடியாதென்றால், பாம்பை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.