தாது வருஷப் பஞ்சமும் ஓங்கோல் ஞானஸ்நானமும்

புதுவை தட்டாஞ்சாவடியில் வாழும் நம்மவருள் வடக்கே மரக்காணம் சென்று வந்தோர், அங்கே வந்து முடிகிற பக்கிங்காம் கால்வாயைக் கண்டிருப்பர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் அக்கால்வாயின் பல பகுதிகள் பசித்தோர் கையால் வெட்டப்பட்டவை என்பதைச் சிலரே அறிவர். கஞ்சிக்கு மதம் மாறினவர் என்னும் ஏச்சு நம் திண்ணைகளிலும் எளிதாக வழங்குகிறதாதலின், அக்கால்வாயை ஒட்டிய ஒரு வரலாற்றை அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த ஜான் கிளஃப் என்பார் 1866இல் ஓங்கோலில் குடியேறினார். அவ்வூர் அக்காலத்தில் சென்னை ராஜதானியின் நெல்லூர் ஜில்லாவிலிருந்தது. மேற்குலத்தார் தம் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்று கேட்க, அவரும் மகிழ்ந்து அமைத்தார். பின்னர், தோல் வாணிபம் செய்த எர்ரகுண்ட்ல பெரியய்யா என்பாரின் முயற்சியால் மாதிகர் பலர் ஞானஸ்நானம் பெற வந்தனர். அவர்களை ஏற்றால் பள்ளி காலியாகும் என்று எச்சரிக்கை வந்தது. அவர் ஏற்றார், பள்ளியும் காலியாயிற்று. இது தெலுங்கு தேசத்துக்கே உரிய செய்தியன்று. நம் புதுவையிலேயே, சம்பா கோயிலுக்குள் குலங்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி 1745இல் எழுந்த கலகத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். வேதம் மாறினும் சுவர் மாறவில்லை!

பஞ்சம் வந்தது. சர்க்காரின் நிவாரண வேலைகளில் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமே கூலியாகக் குறைக்கப்பட்டதும், சுகாதார அதிகாரி கார்னிஷ் அதனைக் கண்டித்ததும் சரித்திரப் பிரசித்தம். வேலைத்தலங்களிலும் மாதிகர் இழிவாக நடத்தப்பட்டனர். முன்னாளில் நில அளவைத் தொழில் பயின்றிருந்த கிளஃப், கால்வாயில் 3 மைலுக்குச் சற்று மேற்பட்ட பகுதியைத் தாமே குத்தகையாக எடுத்து, தம் உபதேசியார்களை மேற்பார்வையாளராக வைத்து, ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். மண் சுமந்தோர் ஓய்ந்திருந்த வேளைகளில் உபதேசியார்கள் அவர்களுடன் உட்கார்ந்து பேசினர். ஞானஸ்நானம் கேட்டோர் பலர். ஆனால், சோறு கொடுக்கும் கையால் தீட்சை கொடுப்பதில்லை என்பதே போல, பஞ்சம் தணியும் வரை, அதாவது ஓராண்டுக்கு மேலாக, அவர் ஒருவருக்கும் ஞானஸ்நானம் அளித்திலர். பசியின் பெயரால் ஆள் சேர்க்க அதனினும் வாய்ப்பான காலம் வேறில்லை. அவ்வாய்ப்பை அவர் வேண்டாமென்று தள்ளியதே நமக்கு வியப்பு.

1878 ஜூன் மாதத்தில், கொடுப்பதற்கு இனிப் பணமில்லை என்று அறிவித்த பின்னரும் ஜனங்கள் கலையவில்லை. குண்ட்லகம்மா ஆற்றங்கரையில் வேலம்பல்லியில் ஜூலை 2ஆம் தேதி 614 பேர், 3ஆம் தேதி 2,222 பேர், 4ஆம் தேதி 700 பேர், ஆக மூன்று நாளில் 3,536 பேர் முழுக்குப் பெற்றனர். நடுநாளில் ஆறு உபதேசியார்கள், ஒரு வேளைக்கு இருவராக மாறி மாறி ஆற்றில் நின்றனர். கிளஃப் தாம் ஒருவருக்கும் கொடுத்திலர்.

இத்தனை பேரின் உள்ளத்தையும் துலாக்கோலிட்டு நிறுக்க நம்மால் இயலாது. கூலி கொடுத்த நன்றியும் அதில் கலந்திருக்கலாம். நன்றியை இழிவென்று நாம் சொல்லோம். ஆயினும் அவர்கள் ஏற்ற நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். ஞாயிறன்று வேலை செய்யலாகாது, செத்த மாட்டின் இறைச்சியை உண்ணலாகாது, விக்கிரகங்களை வணங்கலாகாது. நிலவுடைமையாளர் சொன்ன நாளில் உழைத்து, அவர்தம் செத்த கால்நடையையே உணவாகவும் தோலாகவும் பெற்று, ஊர்த் திருவிழாவில் பறை கொட்டி வாழ்ந்தோருக்கு இம்மூன்றும் வயிற்றில் அடிக்கும் விதிகளேயாம். அவ்விதிகளைக் கடைப்பிடித்து, பறை கொட்ட மறுத்தோர், பஞ்சத்துக்கு முன்னரே ஊராரின் கோபத்துக்கு ஆளாகியிருந்தனர். அதனை நன்கறிந்தே பின்வந்தோரும் ஆற்றில் இறங்கினர்.