பழைய மிருதங்கம் புதுப்பித்தல்

பழைய மிருதங்கம் புதுப்பித்தல் என்பது, பயன்பாட்டிலிருந்து நீங்கிய மிருதங்கம் ஒன்றின் மரக்கட்டையை ஆய்ந்து, செப்பனிட்டு, புதிய தோல் மூட்டுகளையும் வார்களையும் பூட்டி மீண்டும் வாசிப்புக்கு உரியதாக்கும் கைத்தொழில் ஆகும். மிருதங்கத்தில் நெடுங்காலம் நிலைப்பது அதன் கட்டை மட்டுமே. அன்றாடம் வாசிக்கப்படும் கருவியின் வலந்தலை சில மாதங்களிலேயே ஓய்ந்துவிடும். வார்களும் நாளடைவில் தளரும். நல்ல பலாக் கட்டையோ தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும். எனவே பழைய மிருதங்கம் என்று குறிப்பிடும்போது உண்மையில் பழையதாக இருப்பது கட்டையே.

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம் இத்தொழிலோடு இரு வகையில் தொடர்புடையது. மாவட்டத்தின் பண்ருட்டிப் பகுதி இசைக்கருவிகளுக்கான பலா மரத்துக்குப் பெயர் பெற்றது. தெற்கே உள்ள சிதம்பரத்தில் மிருதங்கம் கற்பிக்கப்படுவதோடு, ஆண்டுதோறும் நாட்டிய மேடைகளில் ஒலிக்கவும் செய்கிறது.

பெயர்க் குழப்பம்

மிருதங்கக் கலைஞரிடையே "கட்டை" என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. ஒன்று, குடைந்த மரக்கூடு. மற்றொன்று சுருதியின் அளவு. ஆர்மோனியத்தின் வெள்ளைக்கட்டைகளை எண்ணும் வழக்கிலிருந்து வந்த இவ்வளவில், மேலைநாட்டு இசையின் "சி" ஒரு கட்டை. "ஜி" ஐந்து கட்டை. "ஐந்து கட்டைக்கு ஒரு கட்டை வேண்டும்" என்று ஒருவர் கேட்டால், ஐந்து கட்டைச் சுருதியில் நிற்கக்கூடிய மரக்கூடு ஒன்றைத் தேடுகிறார் என்று பொருள். புதியவர்களுக்கு இது குழப்பம் தரும்.

பண்ருட்டிப் பலா

மிருதங்கம், தவில், வீணை ஆகிய மூன்றும் பெரும்பாலும் பலா மரத்தில் செய்யப்படுகின்றன. தஞ்சாவூர் வீணைக்கும் பண்ருட்டிப் பலா பயன்படுகிறது. முற்றிய மரத்தின் மஞ்சள் நிற வைரப்பகுதியே கருவிக்கு உகந்தது. காலப்போக்கில் அது செம்பழுப்பாக மாறும். இளமரம் காயும்போது சுருங்கி வெடிக்கும். பல ஆண்டுகள் காய்ந்து ஈரம் முற்றும் நீங்கிய பழைய கட்டையில் அத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்து முடிந்திருக்கும். பழைய கட்டையைக் கலைஞர்கள் நாடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். பலாப்பழத்தை முழவுக்கு ஒப்பிடுவது சங்கப் புலவர் மரபு; கபிலர் புறநானூற்றில் அவ்வாறு பாடியுள்ளார். பிற்காலத்தில் அம்மரமே முழவின் உடலாக ஆனது.

2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தின் பலா, முந்திரித் தோப்புகளைப் பெருமளவில் வீழ்த்தியது. முந்திரியை மீண்டும் நட்டுச் சில ஆண்டுகளில் பயன் பெறலாம். கருவி செய்யத்தக்க வைரம் பாய்ந்த பலாவுக்கு அதனினும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டில் பண்ருட்டிப் பலாப்பழம் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பழத்துக்கானது; மரத்துக்கானது அன்று.

கட்டையைத் தேர்தல்

பழைய மிருதங்கங்கள் பொதுவாக மறைந்த கலைஞர்களின் குடும்பங்களிடமிருந்தும், வாசிப்பைக் கைவிட்ட மாணவர்களிடமிருந்தும், மூட்டு அடிக்கும் பட்டறைகளிலிருந்தும் கிடைக்கின்றன. இன்னாருடைய கட்டை என்று வாசித்தவரின் பெயரால் அதற்கு மதிப்பு ஏறுவது உண்டு; செய்தவரின் பெயரால் ஏறுவது அரிது.

இருபுறமும் தோல் மூடியிருப்பதால் கட்டையின் உட்புறத்தை வெளியிலிருந்து காண இயலாது. ஆகவே ஒரு மூட்டையாவது கழற்றிப் பார்த்து வாங்குவதே முறை. கழற்ற மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதிருப்பது நலம். உள்ளே பூச்சி அரித்த துளைகள், கணுக்கள், மாவால் அடைத்த வெடிப்புகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். வெளிப்புறப் பளபளப்பு ஒலிக்கு உதவாது. வெடிப்பை மறைக்க உதவும். நடு உடலில் உள்ள மெல்லிய கீறல் பெரிதும் தீங்கற்றது. வாயின் விளிம்பை எட்டும் வெடிப்பு, மூட்டின் இழுவிசையைத் தாங்காது விரியக்கூடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அளவு. பெண்குரலுக்கான உச்சச் சுருதிக்கு ஏறத்தாழ 22 அங்குல நீளமும், ஆண்குரலுக்கான தக்குச் சுருதிக்கு ஏறத்தாழ 24 அங்குல நீளமும் உள்ள கட்டைகள் பயன்படுகின்றன. வலந்தலை வாய் தொப்பி வாயைவிடச் சிறியது. தக்குக் கட்டையை வலிந்து இறுக்கி உச்சச் சுருதிக்கு ஏற்ற முயன்றால் தோல் கிழியும். பழைய கட்டை வாங்குவோர் செய்யும் பிழைகளில் இதுவே மிகுதி.

கட்டையைச் செப்பனிடல்

சிறு வெடிப்புகளைப் பலா மரத்தூளும் பசையும் கலந்த கலவையால் அடைப்பர். வாய் விளிம்பு சமமாக இருத்தல் இன்றியமையாதது. கட்டையைச் சமதளத்தில் கவிழ்த்து வைத்து, விளிம்பின் அடியில் ஒளி கசிகிறதா எனப் பார்ப்பது எளிய சோதனை. மேடு உள்ள இடத்தைத் தேய்த்துச் சமன் செய்வர். ஆனால் மிருதங்கம் நடுவில் பருத்து இருமுனைகளிலும் ஒடுங்குவது. விளிம்பைக் குறைக்குந்தோறும் நீளம் குறைந்து வாய் அகலும். பிறகு பழைய அளவு மூட்டு பொருந்தாது. குறைத்த மரத்தைத் திரும்பச் சேர்க்கவும் வழியில்லை. எனவே தேர்ந்த கைவினைஞர் இவ்வேலையில் மிகவும் தயங்கியே கைவைப்பர்.

மூட்டும் கரணையும்

மிருதங்கத்திற்குப் பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் வேண்டும். எருமைத் தோல் வார்களுக்குப் பயன்படுகிறது. தோல்களை நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்துப் பூட்டிக் காயவிடுவர். வலந்தலையின் தோல் அடுக்குகளுக்கு இடையே சிறு குச்சித் துண்டுகளைச் செருகினால் அது குச்சி மிருதங்கம். கல் துகள்களைச் செருகினால் கப்பி மிருதங்கம்.

வலந்தலையின் நடுவிலுள்ள கரிய வட்டம் கரணை அல்லது சோறு எனப்படும். கிட்டக் கல்லைப் பொடித்துச் சலித்து, வடித்த சோற்றுடன் பிசைந்து, மெல்லிய பூச்சாக இட்டு, வழவழப்பான கல்லால் தேய்ப்பர். ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாகப் பல அடுக்குகள் இடப்படும். மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் தோன்றுவது குறையன்று. கரணை தோலோடு சேர்ந்து அசைய அவ்வெடிப்புகளே இடம் தருகின்றன. சாதாரண முரசின் தோலில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா. கரணை இடப்பட்ட தோலில் அவை இசைவான விகிதங்களில் அமைவதை ச. வெ. இராமன் 1920-இல் சிவகாளி குமார் என்பவருடன் இணைந்து "நேச்சர்" இதழில் வெளியிட்டார். 1930-களில் இதனை மேலும் விரிவாக ஆராய்ந்தார். பட்டறையில் அளவுகருவி ஏதும் இல்லை. கைவினைஞர் தட்டிக் கேட்டு, எந்த இடத்தில் கரணை கூடுதல் என்று முடிவு செய்கிறார்.

தொப்பிப் பக்கத்தில் நிலையான கரணை கிடையாது. வாசிக்கும் முன் நீரில் குழைத்த ரவையை அப்பி, வாசித்து முடித்தபின் எடுத்துவிடுவர்.

கைவினைஞர்

மிருதங்கம் செய்வோரில் பலர் தலித் கிறித்தவர்கள். தோலைத் தொடுவது தாழ்வாகக் கருதப்பட்ட சமூகத்தில், அத்தோலின் நாதம் மட்டும் போற்றப்பட்டது. தஞ்சாவூரைச் சேர்ந்த பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு (1912–1981) மிருதங்கம் செய்தளித்தவர். மணி ஐயரின் நாதம் பற்றிய நூற்றுக்கணக்கான பாராட்டுகளில் அவர் பெயர் நெடுநாள் இடம்பெறவில்லை. பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட "செபாஸ்டியன் அண்டு சன்ஸ்" என்னும் ஆங்கில நூல் இக்கைவினைஞர்களின் வரலாற்றைப் பதிவு செய்கிறது.

சிதம்பரத்தில்

அண்ணாமலை நகரிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் மிருதங்கம் பயிற்றுவிக்கப்படுகிறது. 1981-இல் தொடங்கிய சிதம்பரம் நாட்டியாஞ்சலி விழா மகா சிவராத்திரியை ஒட்டி நடைபெறுகிறது. ஒரே மாலையில் ஆண்குரலுக்கும் பெண்குரலுக்கும் வாசிக்க நேரும் கலைஞருக்கு ஒரு மிருதங்கம் போதாது. புதிய கருவிகள் பலவற்றை வாங்க இயலாத மாணவர்களுக்குப் புதுப்பித்த பழைய கட்டை உதவுகிறது. கடலோரத்தின் ஈரக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் தோலைத் தளர்த்திச் சுருதியை இறக்கும் என்பதால், இப்பகுதியில் மூட்டின் பராமரிப்பு கூடுதல் கவனம் வேண்டுவது.

வாரும் திருகாணியும்

அண்மைக் காலத்தில் வார்களுக்குப் பதிலாக உலோகக் கம்பிகளும் திருகாணிகளும் பூட்டிய மிருதங்கங்கள் பரவியுள்ளன. தவிலில் இம்மாற்றம் முன்னரே நிகழ்ந்துவிட்டது. திருகாணி முறையில் வாசிப்பவரே மூட்டை மாற்றிக்கொள்ளலாம். அருகில் பட்டறை இல்லாத ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இது பெரும் வசதி. வார் பூட்டிய கருவியின் நாதமே சிறந்தது என்போரும் உளர். பழைய கட்டையைத் திருகாணிக்கு மாற்றும்போது, வார் மூட்டுக்குத் திரும்ப இடமளிக்கும் வகையில் மரத்தில் துளையிடாமல் பூட்டுவது விரும்பத்தக்கது.