ஏற்றம் இறங்கி மோட்டார் வந்தபின்

மேற்கே வண்டலூர்க் குன்றுகளுக்கும் கிழக்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் கிடக்கும் சிறுசேரியை, சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவின் பெயராலேயே இன்று பலர் அறிவர். ஆனால் தாம்பரம் முதல் திருப்போரூர் வரை பரந்த இப்பிரதேசம் ஒரு நூற்றாண்டுக்கு முன் ஏரியையும் ஏற்றத்தையும் நம்பியே பயிர் செய்தது. ஏற்ற மரத்தின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்கிறவன் களைத்தால் இன்னொருவன் ஏறிக்கொள்வான். அவனும் களைத்தால் இறைப்பு நின்றுவிடும். ஓய்வு என்பது அந்தச் சாதனத்தின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது. பின்னால் வந்த மின்சார மோட்டாருக்கோ களைப்பைச் சொல்ல வாயில்லை; அது சூடேறும், அவ்வளவுதான். அந்தச் சூட்டைக் கவனிக்கும் பொறுப்பு யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதே இப்பகுதியின் நீரிறைப்புச் சரித்திரத்தில் என் மனத்தை ஈர்த்த விஷயம்.

ஏற்றத்துக்கும் மோட்டாருக்கும் இடையில் எண்ணெய் எஞ்சின் வந்தது. சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியராக இருந்து பின்னர் மாகாணத்தின் கைத்தொழில் அபிவிருத்தியை மேற்கொண்ட ஆல்பிரட் சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், இதே ஜில்லாவில் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகிலுள்ள மெல்ரோசாபுரத்தில் எஞ்சினைக்கொண்டு கிணற்றுநீரை இறைக்கும் பரீட்சையை நடத்தினார். எஞ்சினின் உஷ்ணத்தைத் தணிக்க அதன் உடலைச் சுற்றி நீர் ஓடியாக வேண்டும், தான் இறைத்த ஜலத்தில் ஒரு பங்கைத் தன் குளிர்ச்சிக்கே அது எடுத்துக்கொண்டது. பக்கத்தில் ஆள் ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்பதால் காவலும் தானாகவே அமைந்தது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அடுத்த ஆண்டே பைக்காரா நீர்மின் நிலையமும், 1937-இல் மேட்டூர் மின்நிலையமும் இயங்கலாயின. அதே 1937-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினர். 1957-இல் மின்சார வாரியம் அமைந்து, கம்பி கிராமங்களை எட்ட எட்ட, ‘பம்புசெட்டு’ என்ற சொல் உழவர் வாயில் ஏர், கலப்பையைப் போலப் பழகிவிட்டது. மோட்டாருக்கு நீர்ச்சட்டை கிடையாது. பின்புறத்து விசிறி தள்ளும் காற்று ஒன்றே அதற்குத் துணை.

இவ்விடத்தில் பூமியின் குணத்தையும் சொல்லவேண்டும். பல்லாவரம் குன்றுகளின் பாறைக்கு 1893-இல் சார்னகைட் என்று பெயரிட்டவர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைமேல் கிடப்பது அந்தக் கல்தான், பெயர் வந்த வழியும் அதுவே. அத்தகைய இறுகிய பாறையில் வெட்டிய கிணறு சீக்கிரம் வற்றும், மெல்ல ஊறும். பம்போ நீரை ஏறக்குறைய ஏழு மீட்டருக்குமேல் உறிஞ்சத் திணறும். நீர்மட்டம் கீழே போகப் போக மோட்டாரையும் கிணற்றுக்குள் படிப்படியாக இறக்கி, பக்கச் சுவரில் மேடை கட்டி அமர்த்தினார்கள். காற்று அசையாத ஈரக் குழியில் அது புழுங்கியது. நீர் வற்றியதும் வெறுமனே ஓடிப் பம்பின் சீலைக் கருக்கியது. விசித்திரம் என்னவெனில், மழை பெய்து கிணறு நிரம்பிய நாட்களிலும் அதே மோட்டார் கொதித்தது: ஆழத்திலிருந்து இறைக்கவென்று செய்த பம்பு, குறைந்த உயரத்துக்கு அளவுக்கு மீறி நீரைத் தள்ளி, அதற்கேற்ற மின்சாரத்தையும் இழுக்கும். வெளிக்குழாயின் வால்வைச் சற்றுத் திருகி அடைத்தால் சூடு தணியும் என்பதை, நீர் குறைவதைக் கண்ட பயத்தால் பலர் நம்பவில்லை.

மின்சாரமும் தன் பங்கைச் செய்தது. மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டியது, ஆகையால் மின்னழுத்தம் நூற்றுக்கு எண்பதாக இறங்கினால் விசை அறுபத்துநாலாகிவிடும், பாரமோ குறைவதில்லை. மூன்று பேஸில் ஒன்று அறுந்தால், மிஞ்சிய இரண்டும் முழுப் பாரத்தையும் சுமந்து காயிலைப் பொசுக்கும். இரண்டு பேஸ் மட்டுமே வந்த வேளைகளில் கண்டென்சர் வைத்து ஓட்டிய சாமர்த்தியம் பயிரைக் காத்தது, மோட்டாரைக் காக்கவில்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றியவர்களுக்கும், ரிலே துண்டிக்கிறதென்று அதைக் கட்டிவைத்தவர்களுக்கும், கடைசியில் காயில் கட்டும் கடையே கதி.

உள்ளங்கையை மோட்டார்மேல் வைத்துப் பார்ப்பது உழவரின் பழைய சோதனை. ஆனால் கை தாங்காத உடற்சூடு எல்லாம் ஆபத்தன்று: பழைய பருத்தி, காகித உறை கொண்ட சுற்றுகளின் எல்லை 105 டிகிரி, பிற்காலத்து ‘பி’ வகுப்புச் சுற்றுகள் 130 டிகிரி வரை பொறுக்கும். எல்லைக்குமேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் உறையின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்று பொறியாளர் சொல்லும் கணக்கு, 1930-இல் மாண்ட்சிங்கர் வெளியிட்ட ஆராய்ச்சியை ஒட்டியது. ஈரச்சாக்கைப் போர்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது காற்றின் வழியை அடைத்து, சொட்டும் நீரைக் காயிலுக்குள் விடும்.

வயல்கள் மனைகளானபின் சேலையூர், மேடவாக்கம், நாவலூர் எங்கும் அரைக் குதிரைத்திறன் மோட்டார்கள் பெருகின. கொட்டகையும் போயிற்று, காவலாளும் போனான். சுவிட்சைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு, சூடு கண்டால் தானே துண்டிக்கும் வெப்பத் தடுப்பும், சம்ப் வற்றினால் நிறுத்தும் மிதவை சுவிட்சும்தான் அந்த ஆளுக்குப் பதில். 2013-இல் நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியபின் தென்புறநகர்களில் பல இடங்களுக்குக் குழாய்நீர் வந்தது. மற்ற வீடுகளுக்கு லாரித் தண்ணீர். எப்படி வந்தாலும் அது சம்ப்பில் விழுந்து, மோட்டாரால்தான் மாடி ஏறவேண்டும். ஏழு மீட்டர்த் தொல்லை அங்கே இல்லை. ஆனாலும் வீடு கட்டுகிறவர்கள் மோட்டாரை மாடிப்படிக்கு அடியில், விசிறிப்பக்கம் சுவரோடு ஒட்ட வைத்து, பலகைக் கதவால் மூடிவிடுகிறார்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, கதவின் மேலும் கீழும் காற்றுத் துளை விடும்படி கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.