அலறலையும் ஒலிநாடா மறக்காது

ஒலிப்பதிவு நிபுணர்களுக்கு இரைச்சல் என்றால் ஜன்ம சத்துரு. ஆனால் அந்தச் சத்துருவுக்கே கடைசியில் ஆசனம் போட்டு உட்கார வைத்த கதை ஒன்று உண்டு.

1964-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 'ஹாலிவுட் பௌல்' என்னும் திறந்தவெளி அரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். காபிடல் கம்பெனியார் அதை மூன்று தட ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். தடம் என்றால் என்ன? நாடாவின் அகலத்தைப் பாகம் பிரித்து, குரல், வாத்தியம் என்று தனித்தனிப் பாதைகளில் பதிப்பது. பிறகு சாவகாசமாக ஒன்றை உயர்த்தலாம், மற்றொன்றைத் தணிக்கலாம்.

ஏற்பாடு என்னவோ அருமையானதுதான். ஆனால் 17,000 பேருக்கு மேல் கூடியிருந்த ரஸிகர்கள் பாட்டுக் கேட்கவா வந்தார்கள்? அலற அல்லவா வந்தார்கள்! பாடுகிறவர்களுக்கே தங்கள் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. மைக்குக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் ஏது? எல்லாத் தடங்களிலும் அலறல் புகுந்துவிட்டது. ஒன்றைத் தணித்தால் அடுத்ததன் வழியாக வந்தது. கீச்சொலியை மட்டும் வடிகட்டலாமென்றால், பாட்டின் சொற்களைத் தெளிவாக்கும் மெல்லிய ஓசைகளும் அதே உச்ச ஸ்தாயியில்தான் இருக்கின்றன. களையோடு பயிரும் போய்விடும்.

1965 ஆகஸ்டு 29, 30 தேதிகளில் மறுபடி முயன்றார்கள். முதல் நாள் ஒரு மைக் மக்கர் செய்தது. நாடாக்கள் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன.

வெகு காலத்துக்குப் பிறகு ஜார்ஜ் மார்ட்டினும் ஜெஃப் எமெரிக்கும் அவற்றை வெளியே எடுத்தார்கள். பழைய யந்திரம் ஓட ஓடச் சூடேறியது. தூசி உறிஞ்சும் கருவியைக் கொண்டு குளிர்ந்த காற்றை ஊதி, பாட்டுக்களைப் புதிய நாடாவுக்கு மாற்றினார்கள். 1977-இல் இசைத்தட்டு வெளிவந்தது, அலறலோடுதான்.

பிற்காலத்தில் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளார்க் என்பவர் கம்ப்யூட்டரைக் கொண்டு ஒரு வழி கண்டார். ஒவ்வோர் ஓசையின் சாயலையும் அதற்குக் கற்பித்து, பாலையும் நீரையும் அன்னம் பிரிப்பதுபோல் பிரிக்கச் செய்தார். ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் அந்த முறையில் 2016-இல் புதிய பதிப்பைத் தயாரித்தார். குரல்கள் முன்னே வந்தன. அலறல் பின்வரிசைக்குப் போயிற்றே தவிர, அரங்கத்தை விட்டுப் போகவில்லை.

அதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுத்தமான பாட்டு வேண்டுமென்றால் ஸ்டூடியோ இசைத்தட்டுக்கள் இருக்கவே இருக்கின்றன. அந்த இரவு இந்த நாடாவில் மட்டுமே இருக்கிறது. ஆனால் பாடியவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தங்கள் பாட்டே காதில் விழாத மேடை அவர்களுக்கு அலுத்துப்போயிற்று. 1966 ஆகஸ்டு 29-ஆம் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவில் பாடியதோடு சுற்றுப்பயணக் கச்சேரிகளுக்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள்.

அன்று அலறிய பெண்கள் இன்று எழுபது வயதைக் கடந்த பாட்டிமார்கள். அவர்களுடைய பதினாறாவது வயது மட்டும் அந்த இசைத்தட்டில் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது.