சிரித்திரன் சுந்தர்

சி. சிவஞானசுந்தரம் (1924–1996), ‘சுந்தர்’ என்ற பெயரில் கேலிச்சித்திரங்கள் வரைந்தும், ‘சிரித்திரன்’ என்னும் நகைச்சுவை இதழை 1963 முதல் இடையீடுகளோடு ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் நடத்தியும், இலங்கைத் தமிழரிடையே சித்திர நகைச்சுவைக்கு ஒரு தனி மரபை உண்டாக்கிய ஓவியரும் இதழாசிரியரும் ஆவார். இதழின் பெயரே இவருடைய பெயருக்கு அடையாகி, ‘சிரித்திரன் சுந்தர்’ என்றே இவர் பரவலாக அறியப்படுகிறார். சவாரித் தம்பர், சின்னக்குட்டி, மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன், மயில்வாகனத்தார் ஆகியோர் இவர் படைத்த சித்திரப் பாத்திரங்களுள் புகழ்பெற்றவர்கள். தமிழ் வாசகர்கள் நகைச்சுவைச் சித்திரத்துக்குத் தமிழ்நாட்டு வார இதழ்களையே பெரிதும் நம்பியிருந்த காலத்தில், ஈழத்து ஊர்களின் மாந்தரையும் அவர்களது பேச்சையும் சித்திரத்துக்குரிய பொருளாக்கியமை இவரது முதன்மையான பங்களிப்பாகும்.

பிறப்பும் சூழலும்

சுந்தர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியிலுள்ள கரவெட்டியில் 1924ஆம் ஆண்டு பிறந்தார். கல்வியிலும் இலக்கியத்திலும் இடதுசாரி அரசியலிலும் ஈடுபாடு மிக்க பகுதி வடமராட்சி. திறனாய்வாளர் கார்த்திகேசு சிவத்தம்பி கரவெட்டியிற் பிறந்தவர். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த பொன். கந்தையா 1956இல் பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். சாதி, சீதனம், உத்தியோக மோகம் ஆகியவை வெளிப்படையாக விவாதிக்கப்பட்ட இச்சூழலே பிற்காலத்தில் சுந்தரின் தூரிகைக்கு இடையறாத விடயங்களை வழங்கியது.

பாக்குநீரிணைக்கு அப்பால்

உயர்கல்விக்காகச் சுந்தர் பம்பாய் சென்று கட்டடக்கலை பயின்றார். இலங்கையிலிருந்து இந்தியா செல்லும் மாணவர்களுக்கும் வணிகர்களுக்கும் அக்காலத்தில் வழமையான பயணவழி மன்னார்த் தீவின் மேற்குமுனையிலுள்ள தலைமன்னார் இறங்குதுறை வழியாகவே அமைந்திருந்தது. கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வந்து, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி மீண்டும் புகையிரதம் பிடிக்கும் இச்சேவை 1914இல் தொடங்கியது. ஆட்களைப் போலவே தமிழ்நாட்டின் வார இதழ்களும் பாக்குநீரிணையைக் கடந்து வந்து இலங்கை வாசகரைச் சேர்ந்தன. மாலி, கோபுலு போன்ற ஓவியர்களின் நகைச்சுவைச் சித்திரங்களை ஈழத்தவர் ‘ஆனந்த விகடன்’ வழியே அறிந்தனர். சுந்தர் தம் இதழைத் தொடங்கியபோது ஈழத்து வாசகரின் இரசனையை வடிவமைத்திருந்தவை பெரும்பாலும் இச்சித்திரங்களே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாய், இந்தியப் பத்திரிகைக் கேலிச்சித்திரத்தின் தலைமையிடங்களுள் ஒன்றாக விளங்கியது. ஆர். கே. லக்ஷ்மண், பால் தாக்கரே போன்றோர் அந்நகரின் நாளேடுகளில் வரைந்தனர். டில்லியில் சங்கர் 1948இல் தொடங்கிய ‘சங்கர்ஸ் வீக்லி’ கேலிச்சித்திரத்துக்கென்றே ஓர் இதழ் நடத்தலாம் என்பதைக் காட்டியது. இத்தகைய சூழலிற் கட்டடக்கலை மாணவராயிருந்த சுந்தர் பம்பாயிலேயே கேலிச்சித்திரம் வரையத் தொடங்கினார். வீட்டுக்கு வரைபடம் வரையக் கற்ற கை, பின்னர் வேலியையும் கூரை வேய்ந்த வாயிலான சங்கடப் படலையையும் திண்ணையையும் சில கோடுகளில் நிறுத்திக்காட்டும் பயிற்சியாகவும் அக்கல்வியைப் பயன்கொண்டது.

தினகரனும் சவாரித் தம்பரும்

இலங்கை திரும்பிய சுந்தர் கொழும்பிலிருந்து வெளிவந்த ‘தினகரன்’ நாளேட்டில் வரையலானார். க. கைலாசபதி அதன் ஆசிரியராயிருந்த காலத்தில் அப்பத்திரிகை ஈழத்துப் படைப்புகளுக்கு முதலிடம் கொடுத்தது. மண்வாசனை என்றும் தேசிய இலக்கியம் என்றும் எழுத்தாளரிடையே நிகழ்ந்த விவாதங்களுக்கும் களமாயிற்று. சிறுகதையிலும் நாவலிலும் நிகழ்ந்துகொண்டிருந்த இம்மாற்றத்துக்குச் சித்திரத்தில் இணையாக அமைந்தது சுந்தரின் ‘சவாரித் தம்பர்’.

‘சவாரி’ என்பது வட இலங்கையில் மாட்டுவண்டிப் பந்தயத்தைக் குறிக்கும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மன்னார்ப் பெருநிலத்து வயல் ஊர்களிலும் இன்றும் நடைபெறும் இப்போட்டியில், வடக்கன் மாடுகளை வளர்ப்பதும் அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டிக் களத்துக்குக் கொண்டுபோவதும் கமக்காரரின் மானப் பிரச்சினையாகவே கருதப்படுகின்றன. அச்சூழலின் பெயர் தாங்கிய தம்பரும் அவருடன் இணைத்துப் பேசப்படும் சின்னக்குட்டியும் ஊர்ப்பேச்சிலேயே உரையாடினர். எழுத்துத் தமிழிலோ சென்னைப் பேச்சிலோ மட்டும் நகைச்சுவையைக் கண்டு பழகியிருந்தவர்களுக்கு, தம் வீட்டு முற்றத்திற் கேட்கும் குரல் பத்திரிகைப் படத்திலிருந்து எழுந்தது புதிய அனுபவமாயிற்று. வட இலங்கையின் கூத்துமரபில் அரசரும் அமைச்சரும் விருத்தமும் தருவும் பாட, இடையே தோன்றுகின்ற கட்டியகாரன் சபையோரின் பேச்சுத் தமிழிற் பேசி அவர்களைச் சிரிக்கவைப்பதுண்டு. இம்மரபிற் பழகிய வாசகர் தம்பரை இனங்காண்பதற்கு எவ்விதத் தடையும் இருக்கவில்லை.

சிரித்திரன்

1963இல் சுந்தர் கொழும்பில் ‘சிரித்திரன்’ இதழைத் தொடங்கினார்; பின்னர் அது யாழ்ப்பாணத்துக்கு இடம்மாறி வெளிவந்தது. செய்தொழிலைத் தெய்வமென்றும் சிரிப்பைச் சீவியமென்றும் கூறும் மகுடவாக்கியம் இதழுக்கு அமைந்தது. அட்டைப்படம், உட்சித்திரங்கள், கேள்வி–பதில் பகுதி ஆகியவற்றின் பெரும்பகுதியைச் சுந்தரே தாங்கியமையால், ஓவியர் ஒருவரின் பார்வை முழு இதழிலும் ஊடுருவி நின்றது. ‘கண்மணி’ என்ற சிறுவர் இதழையும் இவர் வெளியிட்டார்.

1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது தமிழ்நாட்டு இதழ்களின் வரவும் குறைந்தது. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டோருக்கு நல்ல விலை கிடைத்த அதே காலத்தில், உள்ளூர் இதழ்களுக்கும் வாசகர் பெருகினர். 1966 முதல் டொமினிக் ஜீவா நடத்திவந்த ‘மல்லிகை’ இலக்கிய வாசகருக்குக் களமாக, ‘சிரித்திரன்’ பொதுவாசகர் வரை சென்றது. எனினும் கட்டுப்பாட்டினால் மட்டும் ‘சிரித்திரன்’ நிலைபெற்றது என்று கொள்வது பொருந்தாது: கட்டுப்பாடு வருவதற்கு முன்பே, இந்திய இதழ்கள் தாராளமாகக் கிடைத்த ஆண்டுகளிலேயே அது தனக்கென ஒரு வாசகர் கூட்டத்தை ஈட்டியிருந்தது.

பாத்திரங்களும் பகுதிகளும்

சுந்தரின் பாத்திரங்கள் ஒவ்வொருவரும் சமூகத்தின் ஒவ்வொரு பகுதியைக் காட்டுபவர்கள். தம்பரும் சின்னக்குட்டியும் கிராமத்தையும், மைனர் மச்சான் இளவட்டத்தின் மிடுக்கையும், மிஸிஸ் டாமோடிரன் ஆங்கில நாகரிகத்தை ஒட்டவைத்துக்கொண்ட நடுத்தர வர்க்கத்தையும் பிரதிபலித்தனர். ஒரே பாத்திரம் இதழுக்கு இதழ் தோன்றுவதால் வாசகர் அதன் இயல்பை முன்கூட்டியே அறிந்திருப்பர். ஓவியர் அறிமுகத்துக்கு இடம் செலவிடாமல் நேரே விடயத்துக்கு வரலாம். தொடர்பாத்திரச் சித்திரத்தின் அடிப்படை வலிமை இதுவேயாகும்.

‘சித்திர கானம்’ என்ற பகுதி இவரது நுட்பத்தை அணுக்கமாகக் காட்டவல்லது. எல்லோருக்கும் தெரிந்த திரைப்பாடலின் ஓரடியை எடுத்து, அதற்குத் தொடர்பற்ற ஓர் அன்றாட நிகழ்ச்சியின் படத்துக்குக் கீழே அமைப்பது இதன் முறை. பாடலில் காதலியை நோக்கிய அடி, படத்திற் சமூக அவலமொன்றை நோக்கியதாகிவிடும். அடியின் சொல் எதுவும் மாறுவதில்லை. படமே பொருளை மாற்றுகிறது. வாசகர் மெட்டோடு அடியை நினைவுகூர்ந்து, கண்ணைப் படத்துக்கு உயர்த்தும் அந்தக் கணத்திற் சிரிப்புப் பிறக்கிறது.

‘மகுடி’ என்ற பெயரில் இவர் எழுதிய கேள்வி–பதில்கள் சித்திரங்களுக்கு நிகரான புகழ் பெற்றன. வாசகரின் வினாவுக்கு ஓரிரு வரியில், பழமொழிபோல் நெஞ்சில் நிற்கும் விடை தருவது இவரது பாணி. குறைந்த கோட்டில் நிறைந்த பொருள் என்ற ஓவியக் கொள்கையை உரைநடையிலும் இவர் கடைப்பிடித்தார் எனலாம்.

எழுத்தாளர் பலருக்கும் ‘சிரித்திரன்’ வாயிலாக அமைந்தது. செங்கை ஆழியானின் நகைச்சுவை எழுத்துக்கு அது இடமளித்தது. குறுங்கதைகளும் புதுக்கவிதைகளும் எழுதப் புகுந்த இளைஞரையும் ஊக்குவித்தது. தமது கலைவாழ்க்கையைச் சுந்தர் ‘கார்ட்டூன் ஓவிய உலகில் நான்’ என்ற நூலிற் பதிவுசெய்துள்ளார்.

கோடும் அச்சும்

ஈய எழுத்துக்களைக் கையாற் கோத்து அச்சிட்ட காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் தனியே ‘புளொக்’ செய்யவேண்டியிருந்தது. கறுப்பு மையில் வரைந்த படத்தை நிழற்படமெடுத்து, நாகத் தகட்டிற் பதித்து, கோடில்லாத இடங்களை அமிலத்தால் அரித்து, எஞ்சிய மேட்டுக்கோட்டை மரக்கட்டையில் அறைந்து எழுத்தோடு சேர்த்து அச்சேற்றுவது அம்முறையாகும். நுண்ணிய நிழற்சாயல்கள் இதில் நிற்பதில்லை; மயிரிழைக் கோடுகள் அரிப்பில் அழியும், நெருங்கிய கோடுகள் மையில் அடைபட்டுப்போகும். எனவே தடிப்பும் தெளிவும் உள்ள கோடும், கறுப்பு வெள்ளைப் பரப்புகளின் பிரிவும் இம்முறையில் வரையும் ஓவியர்க்கு இன்றியமையாதவை. ஒவ்வொரு புளொக்குக்கும் செலவு உண்டாகையால், ஒரே கட்டத்தில் முழு நகைச்சுவையையும் முடிக்கும் படமே சிறிய இதழ்களுக்கு ஏற்றதாயிற்று. பல பக்கங்களிற் கதை சொல்லும் நீண்ட சித்திரக்கதை ஈழத்துத் தமிழிதழ்களில் வேரூன்றாமைக்கு இப்பொருளியற் காரணமும் சிறிய வாசகத்தொகையும் முக்கியமானவை.

பிற மரபுகளோடு ஒப்பீடு

இலங்கையின் சிங்களப் பத்திரிகை உலகில் சித்திரக்கதை வேறு பாதையிற் சென்றது. ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்து 1951இல் ‘லங்காதீப’வில் வெளிவந்த ‘நீலா’ சிங்களச் சித்திரத்தொடரின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1970களில் சித்திரக்கதைக்கென்றே வார ஏடுகள் தோன்றின. கமிலஸ் பெரேராவின் கஜமான் போன்ற பாத்திரங்கள் நாடறிந்தவையாயின.

ஜப்பானில் ‘மங்கா’ எனப்படும் சித்திரக்கதை பெருந்தொழிலாக வளர்ந்ததாயினும், அதன் நவீன வரலாறும் பத்திரிகைக் கேலிச்சித்திரத்திலிருந்தே கிளைத்தது. கிடசாவா ரக்குடென் (1876–1955) நாளேட்டில் வரைந்து பெயர்பெற்று, 1905இல் ‘டோக்கியோ பக்’ என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கினார். நகரைப் பார்க்கவரும் இரு நாட்டுப்புறத்தார் அவரது புகழ்பெற்ற பாத்திரங்கள். நாளேட்டு ஓவியர் தாமே நகைச்சுவை இதழ் தொடங்கியமையிலும், கிராமத்து மாந்தரைக் கொண்டு சமூகத்தைக் காட்டியமையிலும் சுந்தருக்கு மிக நெருங்கியவர் அவரே. ஹசெகாவா மச்சிகோ 1946இல் தொடங்கி 1974 வரை வரைந்த ‘சசாயே-சான்’ ஒரு சாதாரணக் குடும்பத்தின் நாலுகட்ட நகைச்சுவையால் போருக்குப் பிந்திய ஜப்பானியச் சமூகத்தின் ஆவணமாயிற்று. மருத்துவம் கற்றுச் சித்திரத்துக்குத் திரும்பிய தெசுகா ஒசாமு (1928–1989) நீண்ட கதைமங்காவை நிலைநாட்டினார். கட்டடக்கலை கற்ற சுந்தரும் தொழிற்கல்வியைக் கைவிட்டுச் சித்திரத்தைத் தேர்ந்தவரே. ஆனால் தெசுகாவுக்குப் பெரும் பதிப்பகங்களும் பெருந்தொகை வாசகரும் பின்னின்றனர், சுந்தர் ஆசிரியர், ஓவியர், பதிப்பாளர் ஆகிய பொறுப்புகளையெல்லாம் தாமே சுமந்தார்.

போர்க்காலமும் இறுதியும்

1980களிலிருந்து வடக்கிற் போர் கடுமையானபோது தாள், மின்சாரம், போக்குவரத்து ஆகிய மூன்றும் இதழ்களுக்கு எட்டாதவையாயின. ‘சிரித்திரன்’ இடையிடையே நின்றபோதும் மீண்டும் வெளிவந்தது. இடப்பெயர்வும் இழப்பும் சூழ்ந்த நாள்களில் நகைச்சுவை இதழொன்றை விடாது நடத்த முயன்றமை, சிரிப்பைப் பொழுதுபோக்காகவன்றி வாழ்வுக்கான ஊன்றுகோலாக அவர் கொண்டிருந்தார் என்பதற்குச் சான்றாகும். சுந்தர் 1996இற் காலமானார்.

மதிப்பீடு

சுந்தரின் நகைச்சுவை தனிமனிதரின் உடற்குறையையோ தொழிலையோ இழித்து எழுந்ததன்று. போலி மதிப்பையும் சமூகக் கொடுமையையும் குறிவைத்தது. தம்மையே பார்த்துச் சிரிக்க ஒரு சமூகத்துக்குக் கற்பித்தவர் என்ற வகையில் அவரது இடம் இலக்கிய வரலாற்றிலும் பத்திரிகை வரலாற்றிலும் உறுதியானது. ஈழத்துப் பேச்சுவழக்கு, உடை, வீட்டமைப்பு, உணவுப் பங்கீடு, சீதனப் பேரம் முதலியன 1960களிலும் 1970களிலும் எவ்வாறு இருந்தன என்பதை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு ‘சிரித்திரன்’ பக்கங்கள் அரசாங்க அறிக்கைகளிற் கிடைக்காத செய்திகளைத் தருகின்றன. போரில் நூலகங்களும் தனியார் சேகரிப்புகளும் அழிந்த ஒரு நிலத்தில், எஞ்சிய இதழ்கள் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திற் பதிவேற்றப்பட்டு எவரும் படிக்கக் கிடைப்பது பெரும்பேறாகும். ஈழத்துத் தமிழிற் சித்திரக்கதை வரைய முற்படும் இளைய ஓவியர்கள் தமது முன்னோரை வெளிநாட்டில் மட்டும் தேடவேண்டியதில்லை. கரவெட்டிச் சுந்தரின் கோடுகளிலிருந்தும் அவர்கள் தொடங்கலாம்.