மாளிகை, விடுதி, மறுபடியும் விடுதி

இங்கிலாந்தில் லண்டனுக்கு மேற்கே சுமார் 120 கி.மீ. தொலைவில் மார்ல்பரோ என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே மார்ல்பரோ கல்லூரி (பெயர்தான் கல்லூரி, உண்மையில் உறைவிடப் பள்ளி!) வளாகத்துக்குள் 'சி ஹவுஸ்' என்று ஒரு பழைய செங்கல் கட்டடம். வாழ்ந்து கெட்டு மறுபடியும் வாழ்ந்த கட்டடம் அது.

முதலில் அது சோமர்செட் டியூக் குடும்பத்தின் மாளிகை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிக் கட்டப்பட்டது. வரிசையாக உயரமான ஜன்னல்கள், அகலமான படிக்கட்டு என்று அந்தக் காலப் பிரபுக்களின் பாணி. பக்கத்திலேயே ஒரு பெரிய மண்மேடு. தோட்டத்து அலங்காரமாக அதைச் சுற்றி வளைபாதை போட்டிருந்தார்கள். அந்த மேடு கி.மு. 2400 வாக்கில் எழுப்பப்பட்டது என்பது 2011இல்தான் தெரிய வந்தது!

1750இல் 7ஆம் டியூக் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அடுத்த ஆண்டே மாளிகை 'காசில் இன்' என்ற பயணியர் விடுதியாகிவிட்டது. லண்டனிலிருந்து பாத் நகருக்குப் போகும் சாலை வாசல் வழியே போகும்போது வியாபாரத்துக்கு என்ன குறை? 1767இல் பிரதமராக இருந்த சாத்தம் பிரபுவே (மூத்த வில்லியம் பிட்) கீல்வாதம் வந்து பரிவாரத்தோடு இங்கே பல நாட்கள் தங்கிவிட்டார். 1784இல் பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே தபால் கோச் வண்டி ஓடத் தொடங்கியதும் இதே சாலையில்தான்.

அப்புறம் வந்தது ரயில். 1841இல் லண்டன்–பிரிஸ்டல் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. அது மார்ல்பரோவைத் தொடாமல், வடக்கே சுமார் 18 கி.மீ. தள்ளியிருக்கும் ஸ்விண்டன் வழியாகப் போனது. கோச் வண்டிகள் நின்றன. இரண்டே ஆண்டுகளில், 1843இல், விடுதியும் மூடப்பட்டது.

பி.காம். மாணவனாக இதை யோசித்துப் பாருங்கள். ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை, கூரை ஒழுகவில்லை. ஆனாலும் சொத்தின் மதிப்பு சரிந்துவிட்டது. தேய்மானம் என்று வருடா வருடம் எழுதுகிறோமே, அந்தக் கணக்கில் இப்படிப்பட்ட நஷ்டம் எங்கே வரும்? கட்டடத்தின் மதிப்பில் பாதி அதன் வாசலில் போகும் சாலையில்தான் இருந்திருக்கிறது.

அதே 1843இல், பாதிரியார்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்க நினைத்தவர்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நிறைய அறைகள், பெரிய சமையற்கட்டு, கூடிச் சாப்பிட இடம்... பலர் தங்குவதற்கென்றே அமைந்த கட்டடம் அல்லவா? முதல் வருடமே சுமார் 200 மாணவர்கள் சேர்ந்தார்கள். இடம் போதாமல், எட்வர்ட் புளோர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு பக்கத்தில் புதிய கட்டடங்கள் எழுப்பினார்கள்.

தமிழில் பயணிகள் தங்கினாலும் விடுதிதான், மாணவர்கள் தங்கினாலும் விடுதிதான். காசில் இன் தப்பித்ததற்குக் காரணம் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. வேலை மாறவில்லை, வாடிக்கையாளர்தான் மாறினார்கள். அழகுக்காக மட்டும் யாரும் விட்டு வைத்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களைப் பார்க்கும்போது இனி ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்குள் இன்று யாரைக் குடிவைக்கலாம்?