காத்திருக்க முடியாதவரும் காத்திருக்க மனமில்லாதவரும்

எங்க ஊர் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளிவிட உதவியாள் ஒருவர் தறியிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணயர்ந்தால் நெசவாளரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். லினக்ஸ் கெர்னலில் இன்டரப்ட் ஹேண்ட்லரின் நிலைமையும் இதுதான். ஸ்பின்லாக் பிடித்திருக்கும் கோடும் அப்படியே. தூங்கவே கூடாது.

ஆனால் அதற்கும் நினைவகம் வேண்டுமே? அதனால்தான் 1994-ல் வந்த லினக்ஸ் 1.0-லேயே ஜிஎஃப்பி கெர்னல், ஜிஎஃப்பி அட்டாமிக் இரண்டும் இருந்தன. (ஜிஎஃப்பி என்பது 'கெட் ஃப்ரீ பேஜ்' என்பதன் சுருக்கம்.) முதலாவதைக் கொடுத்தால், "இடம் இல்லையா? காலி பண்ணிக் கொடு, அதுவரை தூங்குறேன்" என்று அர்த்தம். இரண்டாவது, "இப்பவே கொடு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு." இப்படிக் கேட்பவருக்காகவே கெர்னல் கொஞ்சம் கையிருப்பு வைத்திருக்கும். அது தீர்ந்தால் நெட்வொர்க் கார்டுக்கு வந்த பாக்கெட்டை வைக்க இடம் இருக்காது. கீழே போட வேண்டியதுதான்.

சிக்கல் அடையாளத்தில் வந்தது. பின்னாளில் 'வெய்ட்' என்று ஒரு பிட் வந்தது. அது இல்லாமல் கேட்பவர் எல்லாம் அவசரக்காரர் என்று கெர்னல் எடுத்துக்கொண்டது. 2015-ல் நெட்வொர்க் கோடில் ஒரு மாற்றம் செய்தார்கள். 32 கேபி ஒரே துண்டாகக் கிடைக்குமா என்று காத்திருக்காமல் கேட்கும். கிடைக்காவிட்டால் 4 கேபி பக்கத்தோடு திருப்திப்பட்டுக்கொள்ளும். நியாயமான யோசனைதான். ஆனால் மாற்று வழி கையில் இருந்தும், வெய்ட் பிட்டை எடுத்துவிட்டதால் இதுவும் அவசரக் கையிருப்பில் கை வைத்தது! திருமணப் பந்தியில் சும்மா எட்டிப்பார்த்தவருக்கும் முதல் வரிசை இலை.

அதே ஆண்டு நவம்பரில் மெல் கோர்மன் இதைப் பிரித்தார். தூங்க முடியாதவர், தூங்க விரும்பாதவர், பின்னணியில் இடம் காலி செய்யும் கேஸ்வாப்டியை எழுப்ப வேண்டுமா வேண்டாமா என்று தனித்தனி பிட்கள். 2016 ஜனவரியில் வெளியான 4.4 பதிப்பில் இது வந்தது. எனக்கு இதில் பிடித்தது, டிரைவர் எழுதுபவர்கள் பெரும்பாலோர் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பதுதான். 2023-ல் 6.3 பதிப்பில் அட்டாமிக் பிட்டையே எடுத்துவிட்டார்கள். ஜிஎஃப்பி அட்டாமிக் என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது அதற்குள்ளே இருப்பது உயர் முன்னுரிமையும் கேஸ்வாப்டியை எழுப்புவதும்தான்.

தாராளமாகத் தூங்கலாம் என்கிற ப்ரோப் ஃபங்ஷனில்கூட ஜிஎஃப்பி அட்டாமிக் போட்டிருக்கும் டிரைவர்கள் இன்னும் கண்ணில் படுகின்றன.